கடைசி அத்தியாயத்தில் அம்மாவுக்கு என்ன வேலை?

வாசகர் கடிதம் (சுருக்கி):

"எனக்கு வயது 31. வெள்ளவத்தையில் அம்மா, அப்பாவுடன் இருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. நான் பெண்களை விரும்பும் பெண். வீட்டுக்குத் தெரியாது, இரண்டு நண்பர்களுக்கு மட்டும் தெரியும். நாலு வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். வதனி, டிலானி என்ற இரண்டு பெண்களின் கதை. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்தில் நடக்கும் அத்தியாயமும் அதில் இருக்கிறது. 22 அத்தியாயம் முடிந்துவிட்டது, கடைசி ஒன்று மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் டிலானி கல்யாணம் கட்டிக் கனடா போகிறாள். ஒன்றில் வதனி தண்டவாளத்துக்குப் போகிறாள். ஒன்றில் இருவரும் சேர்ந்து வீடு எடுக்கிறார்கள். மூன்றும் பொய்யாகத் தெரிகிறது. இதற்கிடையில், எங்களைப் போன்ற புது எழுத்தாளர்களுக்கென்று தென்னிந்தியாவில் ஒரு மலைப் பகுதியில் நடக்கும் பத்து நாள் எழுத்து முகாமுக்கு என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வீட்டில் ‘ஒஃபிஸ் ட்ரெயினிங்’ என்று சொல்லியிருக்கிறேன். நாவலை முடித்துக்கொண்டு போவதா, அங்கே போய் முடிப்பதா? சட்டப் பிரச்சினை வருமா? புனைபெயர் வைக்கலாமா? டிலானிக்கு அசலில் ஓர் ஆள் உண்டு. இப்போது கல்யாணம் கட்டித் தெஹிவளையில் இருக்கிறாள். அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: சமர்ப்பணத்தில் என் இப்போதைய தோழியின் பெயரைப் போடலாமா?"

— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

முடித்துவிட்டுப் போங்கள். முதல் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் முடிக்க முடியவில்லை என்பதைக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

22 அத்தியாயம் எழுதியவருக்கு 23ஆவது எழுதத் தெரியாமல் போகாது. உங்கள் முழுக் கடிதத்தையும் கவனமாக வாசித்தேன். வதனியையும் டிலானியையும் பற்றி எழுதும் இடங்களில் வசனம் தடையில்லாமல் ஓடுகிறது. முடிவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அம்மா, சட்டம், தெஹிவளை, அட்டையில் போகும் பெயர் எல்லாம் ஒரே பந்தியில் வந்து நெருக்குகின்றன. கடைசி அத்தியாயத்தை எழுத உட்காரும் ஒவ்வொரு தரமும் நீங்கள் மூன்று தீர்மானங்களைச் சேர்த்து எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. நாவலை முடிப்பது ஒன்று, அதை நாலு பேருக்குக் காட்டுவது இன்னொன்று, அச்சில் கொண்டுவருவது மூன்றாவது. முடித்தால் காட்ட வேண்டிவரும், காட்டினால் புத்தகமாகும், புத்தகமானால் அம்மா வாசிப்பார், ஆகவே முடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. மனம் இப்படித்தான் கூட்டிக் கழிக்கிறது. கணக்கு உங்கள் தொழில், பிழை எந்த வரியில் இருக்கிறது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முடித்த நாவல் பத்து வருடம் அலுமாரியில் இருக்கலாம். எந்தச் சட்டமும் எந்த உறவும் அதைத் தடுக்காது.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஈ. எம். ஃபோஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் இரண்டு ஆண்களின் காதலை வைத்து ‘மோரிஸ்’ என்ற நாவலை 1913, 1914இல் எழுதினார். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நம் தண்டனைச் சட்டக்கோவையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவை 1883இல் எழுதி வைத்துவிட்டுப் போன அதே ஆட்சியின் சொந்தக் குடிமகன், தன் ஊரில் அதை அச்சிடத் துணியவில்லை. நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் வாசிக்கக் கொடுத்தார், வருடக்கணக்காகத் திருத்திக்கொண்டும் இருந்தார். 1970இல் அவர் இறந்த பிறகு, 1971இல்தான் புத்தகம் வந்தது. நீங்களும் அவ்வளவு காலம் காத்திருங்கள் என்று சொல்ல வரவில்லை, அது ஒரு சோகக் கதையும்கூட. அவர் முடித்தார், காட்டினார், அச்சிடுவதை மட்டும் தள்ளிவைத்தார். மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்ததால்தான் அந்த நாவல் எழுதப்பட்டது.

ஆகவே இந்த ஏழு வாரத்துக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அட்டை, புனைபெயர், வெளியீட்டு விழா, பெரியம்மாவின் முகம் எதுவும் வேண்டாம். உங்களைத் தெரிந்த அந்த இரண்டு நண்பர்களில் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, அவர் மட்டும் வாசிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். முதல் நாலு வாரம் எழுதுவது. அதன் பிறகு ஒரு வாரம் தொடவே வேண்டாம். மிச்ச நாளில் முழுவதையும் தாளில் எடுத்து, பேனையோடு வாசியுங்கள். வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதில் எடுக்க வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். கோப்பு வீட்டுக் கணினியில் மட்டும் இருந்தால் இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் இடம் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். நாலு வருட உழைப்பு ஒரு மடிக்கணினி பழுதானதில் போன கதை எனக்கு ஒன்றுக்கு மேல் தெரியும்.

இப்போது அந்த மூன்று முடிவுகள். நாவலை நான் வாசிக்கவில்லை, அதனால் எது சரி என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் ஏன் பொய்யாகத் தெரிகின்றன என்பதை ஊகிக்கலாம். கனடாக் கல்யாணம் சொந்தக்காரருக்காக எழுதியது: பாருங்கள், கடைசியில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. தண்டவாளம் சமூகத்துக்காக எழுதியது: பாருங்கள், என்ன செய்துவிட்டீர்கள். சேர்ந்து எடுக்கும் வீடு உங்கள் நண்பர்களுக்காக எழுதியது: பயப்படாதீர்கள், எல்லாம் சரிவரும். மூன்றிலும் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்கிறீர்கள். வதனிக்கு என்ன வேண்டும் என்று எதிலும் கேட்கவில்லை.

தண்டவாள முடிவைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். ஒரே பாலினத்தவரைக் காதலித்தவர் கதையின் முடிவில் சாவார், அல்லது நோயாளியாவார், அல்லது பைத்தியமாவார் என்பது உலகம் முழுக்க இருந்த பழைய வழக்கம். தமிழிலும் அதன் நிழல் உண்டு. கரிச்சான் குஞ்சு 1978இல் ‘பசித்த மானிடம்’ எழுதியபோது ஆண்களுக்கிடையிலான உறவை மறைக்காமல் எழுதினார், பெரிய துணிச்சல்தான். ஆனால் அந்த நாயகனும் தொழுநோயாளி. அதற்குப் பிறகு ஆ. ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா போன்ற திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள், அவை வந்தபின் தமிழில் இந்தப் பேச்சே மாறியது. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் நாவல்கள் இன்றும் குறைவு. அதனால் உங்கள் முடிவின் மேல் தேவைக்கு மேல் பாரம் வந்து விழுகிறது. சாகடிக்கவே கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. சந்தோஷமாக முடிக்க வேண்டும் என்றும் போடவில்லை, அதுவும் ஒரு கட்டளைதான். 22 அத்தியாயமாக வதனி போய்க்கொண்டிருந்த திசையில் அந்தத் தண்டவாளம் இருந்ததா, அல்லது எப்படி முடிப்பது என்று தெரியாமல் இரவு பத்தரை மணிக்கு வந்து சேர்ந்ததா? இரண்டாவது என்றால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், இதைக் கேட்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணம் வதனியுடையதாக மட்டும் இல்லாமல் எப்போதாவது உங்களுடையதாகவும் இருந்தால், நாவலை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஓர் ஆளோடு கதையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. கொழும்பில் சுமித்ரயோ 1974 முதல் இதற்காகவே இயங்குகிறது. உங்கள் அடையாளத்தை விளக்கிக் களைத்துப்போகாமல் கதைக்க வேண்டும் என்றால், 2004 முதல் இங்கே வேலை செய்யும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பு இருக்கிறது.

நாவல் முடிவதற்கு இரண்டு பேரின் வாழ்க்கையும் முடிவாக வேண்டியதில்லை. செம்மையாக்க வரும் பிரதிகளில் நான் செய்யச் சொல்லும் வேலை இது. கடைசி ஐந்து அத்தியாயங்களையும் வாசித்து, வாசகர் மனதில் என்னென்ன கேள்விகள் திறந்தபடி இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு வரும். அவற்றில் இந்தக் கதை பதில் சொல்லியே ஆக வேண்டியவை பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அவற்றுக்குப் பதில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். டிலானி பிறகு எங்கே போனாள், வீடு கிடைத்ததா, வதனியின் அம்மாவுக்குத் தெரியவந்ததா என்பதெல்லாம் வாசகரே யோசித்துக்கொள்வார். 22ஆவது அத்தியாயத்திலேயே நாவல் முடிந்துபோய், நீங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை என்பதும் நடக்கக்கூடியது. பல பிரதிகளில் கடைசி அத்தியாயத்தை வெட்டியதும் நாவல் எழும்பி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் பிரதியே இறுதிப் பிரதி என்ற பயமும் வேண்டாம். 2022இல் புக்கர் பரிசு வாங்கிய ஷெஹான் கருணாதிலகவின் நாவல், அதற்கு முன் 2020இல் இந்தியாவில் வேறு தலைப்பில் ஒரு வடிவமாக வெளிவந்த ஒன்று. வெளிநாட்டுப் பதிப்புக்காக உட்கார்ந்து மறுபடியும் திருத்தினார். கொழும்பில் நடக்கும் கதை, நாயகன் ஆண்களை விரும்புபவன், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ‘அவர் ஆங்கிலத்தில் எழுதினார், நானும் ஆங்கிலத்துக்குப் போகலாமா’ என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினால் இலங்கை எழுத்தாளர்களுக்கான கிரேஷன் பரிசுக்குக் கையெழுத்துப் பிரதியாகவே அனுப்பலாம், தமிழுக்கு அந்த வசதி அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் வதனி யோசிப்பது தமிழில். நாலு வருடம் கழித்து அவளை இன்னொரு மொழிக்குக் குடிபெயர்க்க என்ன அவசரம்? நல்ல நாவலென்றால் மொழிபெயர்ப்பாளர் பின்னால் வருவார்.

சரி, முகாமுக்கு வருவோம்.

முகாமில் பத்து நாளும் ஓர் அறையில் அமைதியாக எழுதலாம் என்று பலர் கற்பனை செய்துகொண்டு போகிறார்கள். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவில் லாம்ப்டா லிட்டரரி அமைப்பு 2007இல் தொடங்கிய பால்புதுமை (குயர்) எழுத்தாளர் முகாம், இந்த வகையில் முன்னோடி, ஒரு வாரம்தான். அங்கே முக்கியமான வேலை, வந்திருப்பவர்கள் ஒருவர் பிரதியை ஒருவர் வாசித்து, மூத்த எழுத்தாளர் ஒருவர் முன்னால் கதைப்பது. உங்களுடையதும் அந்த மாதிரி இருந்தால், பகல் பெரும்பாலும் மற்றவர்களின் பக்கங்களுக்குப் போய்விடும். இரவில் கடைசி அத்தியாயத்தை எழுதுவேன் என்று திட்டம் போட்டால் இரண்டும் கெடும். அது மட்டுமல்ல, பாதிப் பிரதியோடு போகிறவருக்கு அங்கே வருகிற ஆலோசனை முழுவதும் ‘இப்படி முடிக்கலாம், அப்படி முடிக்கலாம்’ என்றுதான் வரும். உங்களிடம் ஏற்கெனவே மூன்று முடிவு இருக்கிறது, இன்னும் எட்டு எதற்கு? முடிவு மோசமாகவே இருக்கட்டும், ஆனால் ஒன்று எழுதப்பட்டிருக்கட்டும். எழுதியதைத்தான் திருத்த முடியும்.

முன்கூட்டியே பக்கங்கள் அனுப்பச் சொல்வார்கள். எல்லாரும் முதல் அத்தியாயத்தை அனுப்புவார்கள், ஏனென்றால் அதுதான் முப்பது தரம் மெருகேறியது. மெருகேறியதைக் காட்டினால் பாராட்டுத்தான் கிடைக்கும். உங்களுக்கே சந்தேகமாக இருக்கிற ஒரு நடு அத்தியாயத்தை அனுப்புங்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்று அரைப் பக்கம் சேர்த்துவிடுங்கள். அந்தத் தேவாலய அத்தியாயம் அதற்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பயத்தோடு எழுதிய இடம் வாசிப்பவருக்கு உடனே தெரியும், எங்கே தெரிகிறது என்று அவர்கள் வாயால் கேட்பது உங்களுக்கு உதவும்.

உங்கள் பிரதியைப் பற்றிக் கதைக்கும்போது பதில் சொல்லாதீர்கள். ‘நான் அப்படி நினைக்கவில்லை, அது உண்மையில் நடந்தது’ என்ற வசனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குறித்துக்கொள்ளுங்கள், போதும். ஒருவர் தடுக்கி விழுந்த இடத்தில் இன்னொருவரும் தடுக்கினால் அங்கே ஏதோ பிழை உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து பெரும்பாலும் அவர்களுடைய நாவலுக்கானது, எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியத் தமிழ் வாசகர்கள் இருந்தால், வதனியும் டிலானியும் கதைப்பது விளங்கவில்லை, மாற்றுங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். மாற்றாதீர்கள். நாம் அவர்களுடைய நாவல்களை அகராதி இல்லாமல் வாசித்து வளர்ந்தோம், அவர்களும் இரண்டு அத்தியாயத்துக்குள் பழகிவிடுவார்கள். தமிழ் தெரியாதவர்களும் வருகிறார்கள் என்றால், ஒரு பத்துப் பக்கத்தை நீங்களே சுமாரான ஆங்கிலத்தில் ஆக்கிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தெரிவானவர்களின் பெயரையும் படத்தையும் பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவார்களா, குழுப்படம் எடுப்பார்களா, கேளுங்கள். ‘என் பெயரும் முகமும் எங்கும் வரக்கூடாது, என்னை இன்ன பெயரில் குறிப்பிடுங்கள்’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். இப்படியான முகாம் நடத்துகிறவர்களுக்கு இது புதிய கோரிக்கை இல்லை. அங்கே போனபின் சக எழுத்தாளர்களிடமும் முதல் நாளே சொல்லுங்கள். நல்ல மனதோடு ஒருவர் போடும் ஸ்டோரி ஒன்று, நாலு பகிர்வு தாண்டி உங்கள் மச்சாளின் கைபேசிக்கு வந்துவிடும். கொழும்புத் தமிழ்ச் சமூகம் அவ்வளவுதான் பெரியது.

வீட்டில் சொன்ன பொய்க்காக நான் உங்களைக் கண்டிக்கப்போவதில்லை. எழுதுகிற பெண்கள் எத்தனை பேர் ‘ட்ரெயினிங்’ போயிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் முடியாது. ஆனால் அந்த இரண்டு நண்பர்களில் ஒருவரிடம் முகாமின் முகவரி, தொலைபேசி இலக்கம், விமான விபரம் எல்லாம் இருக்கட்டும். அப்புறம், திரும்பி வரும்போது கவனம். வாழ்க்கையில் முதல் தரமாக, தன்னை விளக்கத் தேவையில்லாத ஒரு மேசையில் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு வருவீர்கள். அந்த உற்சாகத்தில் கட்டுநாயக்கவில் இறங்கியதுமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருக்கும். சொல்லக்கூடாது என்றில்லை. உற்சாகம் அடங்கிய பிறகும் சொல்ல வேண்டும் போல இருந்தால் சொல்லுங்கள். பிரதியைத் திருத்துவதற்கும் அதே விதிதான், முகாமிலிருந்து வந்த கையோடு எதையும் அழிக்க வேண்டாம்.

சட்டம். நான் சட்டத்தரணி இல்லை, செம்மையாக்கம் செய்பவளுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். 365, 365அ பிரிவுகள் செயல்களைப் பற்றியவை, கதை எழுதுவதைப் பற்றியவை அல்ல. 1995இல் செய்த திருத்தத்தோடு 365அ பெண்களையும் உள்ளடக்கியது. 2023 மே மாதம், இதைக் குற்றமற்றதாக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது சட்டமாகவில்லை. ஆகவே வாழ்க்கையில் கவனமாக இருக்க வேண்டிய நிலை மாறவில்லை. ஆனாலும் வதனியும் டிலானியும் காதலித்ததற்காக உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை.

உண்மையில் இந்த நாட்டில் எழுத்தாளர்களைச் சிக்கலில் மாட்டியது வேறு விடயம். 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காகக் கைதானார். விகாரைக்குள் நடக்கும் ஒருபால் உறவைக் குறிப்பால் சொன்ன கதை. பிடித்தது 365 அல்ல, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம், மத வெறுப்பைத் தூண்டியதாக. நாலு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார், 2021இல்தான் வழக்கு கைவிடப்பட்டது. 2020இல் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீம் எழுதியது தமிழில். அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து ஒன்றரை வருடம் அடைத்து வைத்தார்கள், வழக்கிலிருந்து 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். இரண்டிலும் வில்லங்கம் வந்தது மதத்தின் வழியாக, இனத்தின் வழியாக. அதனால் நீங்கள் யோசிக்க வேண்டியது படுக்கையறைக் காட்சியை அல்ல, அந்தத் தேவாலய அத்தியாயத்தை. அதையும் வெட்டச் சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு தேவாலயம், குறிப்பிட்ட ஒரு குருவானவர் என்று அடையாளம் காண முடியாதபடி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சுக்குக் கொடுக்கும் கட்டத்தில் ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுங்கள். இப்போதல்ல, அச்சுக்குக் கொடுக்கும் கட்டத்தில். அதுவரை அத்தியாயங்களை இணையத்தில் போட வேண்டாம். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது.

இனி டிலானி. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது இந்த ஓர் இடம்தான்.

உங்கள் கதையைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் அவர் யார் என்பதை வெளியே சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. அவர் இப்போது கல்யாணம் கட்டியிருக்கிறார், பிள்ளைகளும் இருக்கலாம். அவர் எதை மறந்தார், எதை மறைத்தார், கணவரிடம் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியாது. வெள்ளவத்தையில் ஒழுங்கை இலக்கத்தைச் சொன்னாலே வீட்டுக்காரரின் ஊர், மூத்த மகள் படித்த பள்ளிக்கூடம், யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பது வரை சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலை, இன்ன வருடம் உயர்தரம், வலைப்பந்து அணி, தகப்பனுக்குப் புறக்கோட்டையில் கடை என்று நாலு விபரம் போனால் போதும், பெயரை மாற்றியதில் பிரயோசனம் இல்லை.

ஆகவே மாற்றுங்கள், அதுவும் ஆழமாக மாற்றுங்கள். பெயரும் தலைமுடியும் மாற்றுவது மாற்றமே இல்லை. குடும்பத்தை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், இருவரும் சந்தித்த இடத்தை, வருடத்தை மாற்றுங்கள். அவர் உங்களிடம் சொன்ன, அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு வசனம் நாவலில் அப்படியே இருக்கும், எனக்குத் தெரியும், எல்லார் நாவலிலும் இருக்கும். அதை வைத்திருக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசியுங்கள். இதில் நாவலுக்கு நட்டம் இல்லை. டிலானி அந்த ஆளின் நிழலாக இருக்கும்வரை, அந்த ஆள் நிஜத்தில் செய்ததைத்தான் செய்ய முடியும். நிஜத்தில் அவர் கல்யாணம் கட்டிப் போனார், நாவலிலும் அவளைக் கனடாவுக்கு அனுப்பிப் பார்க்கிறீர்கள். அவளை வேறு ஆளாக்கிவிட்டால் கடைசி அத்தியாயத்தில் அவள் என்ன செய்வாள் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். அந்தத் தெரியாமையைத்தான் நீங்கள் நாலு வருடமாகத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முழுதாக மாற்ற மனம் வரவில்லை என்றால், அச்சுக்குப் போகுமுன் ஒரு தரம் அவரிடம் கேளுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் பிரதியை அனுப்பிவிடாதீர்கள். அந்தக் கைபேசியை யார் கையில் எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

புனைபெயர், தாராளமாக வையுங்கள். தமிழில் பாதிப் பேர் புனைபெயரில்தான் எழுதினார்கள், யாரும் உங்களைக் கோழை என்று சொல்ல மாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது, எந்தப் பெயரில் வந்தாலும். பதிப்பாளருடன் செய்யும் ஒப்பந்தம் மட்டும் சொந்தப் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரை வெளியிடக்கூடாது என்ற வரி அதில் இருக்கட்டும். புனைபெயரோடு வெளியீட்டு விழா சரிவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை, முதற்பிரதி வாங்கும் வர்த்தகர், வரிசையில் கவரோடு நிற்கும் சொந்தக்காரர் என்று நடக்கும் விழாவில் மறைந்திருக்க முடியாது. அச்சுச் செலவை எழுத்தாளரே போட்டு விழாவில் மீட்கிற நம் ஊர் வழக்கம் அதனால் உங்களுக்கு ஒத்துவராது. உங்கள் காசைக் கேட்காத பதிப்பாளர் கிடைக்கும்வரை பொறுங்கள், தேவையென்றால் சென்னைப் பக்கமும் பாருங்கள். பிரதியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, வரிக்கு வரி மெய்ப்புப் பாருங்கள். இடையில் வந்த ஆங்கில எழுத்துகளெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறியிருக்கும்.

சமர்ப்பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவரிடம் கேளுங்கள். முழுப்பெயரா, முதலெழுத்தா, உங்கள் இருவருக்கு மட்டும் விளங்கும் ஒரு சொல்லா என்று அவர் சொல்லட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அவசரமும் இல்லை. உள்பக்கங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் முன்பக்கங்களை இறுதியாக்குவார்கள், அதுவரை மாற்றலாம். முகாமுக்குக் கொண்டுபோகும் பிரதியில் அந்தப் பக்கமே வேண்டாம்.